மழலையர் வகுப்பு ஆசிரியை தன் நலத்தை எங்கிருந்து பேணத் தொடங்க வேண்டும்?

இந்த ஜூன் மாதம் தனியார் பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. ஆசிரியையாகச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மாலைக்குள் குரல் கம்மிவிடுகிறது, முதுகு வலிக்கிறது, வீடு திரும்பினால் சொந்தக் குழந்தையிடம் பேசுவதற்குக்கூடத் தெம்பு இருப்பதில்லை. சிறு குழந்தைகளோடு நீண்ட காலம் பணியாற்றியவர்கள் தங்கள் உடலையும் மனத்தையும் பேணுவதற்கு ஏதேனும் கொள்கை வைத்திருக்கிறார்களா, அன்றாடம் என்னதான் செய்கிறார்கள் என்பதே அவர் அறிய விரும்புவது.

இத்தகைய கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் அதிகாலை நடை, யோகா, தியானம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று பள்ளிக்கு வெளியே உள்ள நேரத்தையே சுற்றி வருகின்றன. அவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மழலையர் வகுப்புகளில் பல ஆண்டுகள் பணியாற்றி, இப்போது புதிய ஆசிரியைகளுக்குப் பயிற்சியும் அளித்துவரும் நிலையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை உடலை வருத்தும் வகையில் வகுப்பை நடத்திவிட்டு, மாலையில் அரை மணி நேரம் மூச்சுப் பயிற்சி செய்து அதை ஈடுகட்டிவிட முடியாது. ஆசிரியையின் நலம் வகுப்பறையின் ஒழுங்கமைப்பிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, ஆசிரியையைச் சோர்வடையச் செய்யும் பழக்கங்களும் குழந்தையின் வளர்ச்சிக்கு ஒவ்வாத பழக்கங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. உரக்கக் கத்துவது, குழந்தைக்காக எல்லாவற்றையும் நாமே செய்து முடிப்பது, மூன்று வயதில் எழுதவைப்பது, நாள் முழுவதும் ஓயாமல் வேடிக்கை காட்டிக்கொண்டிருப்பது ஆகியவற்றைக் கைவிட்டால் இருவருக்குமே நன்மை விளைகிறது. என்னுடைய கொள்கை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

குரலிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் புதிதாகச் சேர்பவர்கள் முதலில் இழப்பது அதைத்தான். பெண்கள் பேசும்போது குரல் நாண்கள் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன. இடைவிடாமல் பேசினால் ஒரு மணி நேரத்தில் இந்த மோதல்கள் 7 லட்சத்தைத் தாண்டிவிடும். குரலை உயர்த்தும்போது மோதலின் வேகமும் அழுத்தமும் கூடுகின்றன. இப்படியே பல மாதங்கள் தொடர்ந்தால், நாண்கள் மோதும் இடத்தில் காய்ப்பு போன்ற சிறு முடிச்சுகள் உருவாகலாம். இது ஆசிரியைகளிடமும் பாடகிகளிடமும் அடிக்கடி காணப்படும் தொழில்சார் பாதிப்பு. இரைச்சல் மிகுந்த இடத்தில் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எட்டியன் லோம்பார் 1911-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். முப்பது குழந்தைகள் பேசிக்கொண்டிருக்கும் அறையில் நீங்கள் கத்தினால், அந்தக் கத்தலையும் மீறித் தம் தோழனுக்குக் கேட்க வேண்டும் என்று குழந்தைகளும் கத்துவார்கள்; அதைக் கேட்டு நீங்கள் மேலும் கத்துவீர்கள். இந்தச் சுழற்சியைக் குழந்தைகளால் நிறுத்த முடியாது. பெரியவர்தான் நிறுத்த வேண்டும்.

நிறுத்தும் வழி எளிமையானது, ஆனால் பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அறையின் மறுகோடியில் இருக்கும் குழந்தையிடம் நின்ற இடத்திலிருந்தே பேசுவதில்லை என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். எழுந்து சென்று, அந்தக் குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனியாமல் குந்தி அமர்ந்து, சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். நடப்பது கால்களுக்கு வேலைதான். எனினும் தொண்டை தாங்காததைக் கால்கள் தாங்கும். முழு வகுப்பையும் ஒன்றாக அழைக்க வேண்டிய நேரங்களுக்குக் குரலைப் பயன்படுத்தவே தேவையில்லை. ஒரு சிறு மணி, கைத்தட்டலின் ஒரு குறிப்பிட்ட தாளம், ஆசிரியை ஜமக்காளத்தில் சென்று அமர்ந்து மெல்லத் தொடங்கும் ஒரு பாட்டு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். எந்த அடையாளத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். சுருதி பெரியவருக்கு வசதியானதாக இருக்கட்டும். குழந்தைகளைக் கவர்வதற்காக இயல்பைவிட உயர்ந்த கீச்சுக் குரலில் பாடும் வழக்கம் தொண்டைக்குக் கேடு.

மரியா மாண்டிசோரியின் மௌன விளையாட்டை நான் பெரிதும் மதிப்பதற்குக் காரணம் இதுதான். 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், ஒரு நாள் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை ஏந்தியபடி வகுப்புக்குள் வந்து, இந்தக் குழந்தை எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள், இதன் மூச்சு எவ்வளவு மெல்லியது என்று காட்டினாராம். குழந்தைகள் தாமாகவே அசைவின்றி இருக்க முயன்றதைக் கண்டு, பின்னர் அதை ஒரு பயிற்சியாகவே வளர்த்தார். 1939-இல் சென்னைக்கு வந்து அடையாற்றிலுள்ள தியசாஃபிகல் சொசைட்டியில் அவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததாலும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்ததாலும், அவருடைய முறைகள் நம் ஊருக்கு நேரடியாகவே வந்து சேர்ந்தவை.

நான் அதைச் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். குழந்தைகள் பாயில் அமர்ந்து, முதலில் விரல்களை, பிறகு பாதங்களை, பிறகு உதடுகளை அசையாமல் வைத்துக்கொள்கிறார்கள். நான் கதவுக்கு வெளியே சென்று, மூச்சுக் காற்றைவிடச் சற்றே கூடுதலான ஒலியில் ஒரு பெயரைச் சொல்கிறேன். பெயரைக் கேட்ட குழந்தை, கொலுசு ஒலிக்காமல், நாற்காலியில் இடித்துக்கொள்ளாமல், நுனிக்காலால் நடந்து என்னிடம் வருகிறது. அடுத்த பெயருக்காக மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். எல்.கே.ஜி. வகுப்பில் தொடக்கத்தில் இது ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. தசரா விடுமுறைக்குள் ஐந்து நிமிடங்கள் வரை நீள்கிறது. இதை ஒருபோதும் தண்டனையாகவோ, அதிகாரி வரும்போது வகுப்பை அடக்கும் கருவியாகவோ பயன்படுத்தக்கூடாது. அப்படிப் பயன்படுத்திய நாளிலிருந்து அது செயலற்றுப்போகும்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில. நாள் முழுவதும் சிறுகச் சிறுகத் தண்ணீர் அருந்துவது முதன்மையானது. தொண்டையைக் கனைத்துச் சரிசெய்யும் பழக்கம் நாண்களை மேலும் உரசச் செய்யும். அதற்குப் பதில் ஒரு மிடறு தண்ணீர் விழுங்கலாம். குரல் கம்மியிருக்கும்போது கட்டாயப்படுத்திக் கிசுகிசுப்பதும் ஓய்வாகாது, பேசாமலிருப்பதே ஓய்வு. ஒரு டம்ளரில் கால் பங்கு தண்ணீர் எடுத்து, உறிஞ்சுகுழல் வழியே குமிழிகள் வரும்படி ஊதிக்கொண்டே மெல்ல முனகும் பயிற்சியைக் குரல் சிகிச்சை வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். காலையில் வகுப்புக்கு முன் இரண்டு மூன்று நிமிடங்கள் செய்தால் போதும். சளியோ காய்ச்சலோ இல்லாமல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மியே இருந்தால், பனங்கற்கண்டையும் மிளகையும் நம்பிக் காலம் கடத்தாமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

முதுகும் முழங்காலும் அடுத்த செய்தி. நாற்பது அங்குல உயரமுள்ள மனிதர்களுக்காக அமைக்கப்பட்ட அறையில் ஐந்தடிக்கு மேற்பட்ட ஒருவர் நாள் முழுவதும் குனிந்து நிமிர்கிறார். குழந்தைகளின் சிறு நாற்காலியில் அமர்ந்தால் முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்து, கீழ் முதுகு வளைந்துபோகிறது. தரையில் அமர்வதே மேல். அதிலும் வீட்டில் பழைய மணைப்பலகை இருந்தால் அதைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள். இடுப்பு சற்று உயர்வதால் நிமிர்ந்து அமர முடிகிறது. குழந்தையைத் தூக்க வேண்டியிருந்தால் குந்தி, உடலோடு சேர்த்து அணைத்து, கால்களின் வலுவால் எழ வேண்டும்; இடுப்பை முறுக்கியபடி தூக்கக்கூடாது. மழலையர் வகுப்பு ஆசிரியைகள் கட்டாயம் சேலைதான் கட்ட வேண்டும் என்று விதிக்கும் பள்ளி நிர்வாகிகள், ஒரு நாள் சேலை கட்டிக்கொண்டு மேசைக்கடியில் ஒளிந்த குழந்தையை வெளியே அழைத்துவந்து பார்க்கலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

ஆனால் குனிவதைக் குறைக்கும் உண்மையான வழி வேறு. காலணி மாட்டுவது, பொத்தான் போடுவது, டிபன் பாக்ஸ் திறப்பது, பையை ஆணியில் மாட்டுவது, சிந்திய தண்ணீரைத் துடைப்பது ஆகிய அனைத்தையும் முப்பது குழந்தைகளுக்கும் நாமே செய்தால், ஒரு காலைப்பொழுதில் எத்தனை முறை குனிய நேரிடும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். மூன்றரை வயதுக் குழந்தைக்கு இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யும் திறன் உண்டு. நேரம்தான் கூடுதலாக வேண்டும். அந்த நேரத்தைக் கால அட்டவணையில் பாடமாகவே ஒதுக்கிவிட வேண்டும். ஜூன், ஜூலை இரு மாதங்களும் எழுத்தோ எண்ணோ கற்பிக்காமல் இவற்றை மட்டுமே நிதானமாகக் கற்பித்த வகுப்பில், ஆகஸ்டுக்குப் பிறகு ஆசிரியையின் உடல் உழைப்பு பாதியாகக் குறைவதை நான் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன். குழந்தைக்கோ, தன் கையால் பொத்தானைப் போட்டுவிட்ட பெருமிதமும் விரல்களின் தேர்ச்சியும் ஒருங்கே கிடைக்கின்றன. பெற்றோர் சிலர் இதைச் சோம்பல் என்று கருதக்கூடும். முதல் பெற்றோர் கூட்டத்திலேயே விளக்கிவிட்டால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் கருதும் ஒன்றுக்கு வருகிறேன். மழலையர் வகுப்பு ஆசிரியை என்றால் எந்நேரமும் ஆடிப்பாடி, முகம் மலர்ந்து, குழந்தைகளை மகிழ்வித்துக்கொண்டே இருப்பவர் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இந்த எண்ணம்தான் பலரை ஓரிரு ஆண்டுகளில் வேலையை விட்டே ஓடச் செய்கிறது. ஆடலும் பாடலும் நாளின் ஒரு பகுதி. மற்றொரு பகுதி, ஒன்றும் செய்யாமல் அமர்ந்து குழந்தையைக் கவனிப்பது. அது வேலையைத் தட்டிக்கழிப்பதாகாது. ஆசிரியப் பணியின் நடுநாயகமே அதுதான்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். தாழ்வான மேசையொன்றில் இரண்டு சிறிய எவர்சில்வர் டம்ளர்கள், பாதி தண்ணீர், பக்கத்தில் மடித்துவைத்த பருத்தித் துணி. நான்கு வயதை எட்டாத சிறுவன் ஒருவன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீரை ஊற்றுகிறான். முதல் முறை மணிக்கட்டை வேகமாகத் திருப்புவதால் தண்ணீர் விளிம்பைத் தாண்டி மேசையில் வழிகிறது. என்னைப் பார்க்கிறான், நான் மடியில் கைகளை வைத்துக்கொண்டு அப்படியே அமர்ந்திருக்கிறேன். துணியை எடுத்துத் துடைக்கிறான், ஆனால் துணியை நகர்த்தத் தெரியாமல் ஒரே இடத்தில் வைத்து அழுத்துகிறான். மீண்டும் ஊற்றுகிறான். இம்முறை இடது கையால் டம்ளரின் அடியைத் தாங்கிக்கொள்கிறான், யாரும் சொல்லித்தரவில்லை. நாக்கு நுனி உதட்டோரம் வந்து நிற்கிறது. கடைசிச் சொட்டு விழும்வரை டம்ளரைச் சாய்த்தபடியே காத்திருக்கிறான். இந்த நேரம் முழுவதும் என் குரலும் முதுகும் ஓய்விலிருக்கின்றன. மனம் ஒன்றின்மேல் நிலைத்திருக்கிறது. தியானம் என்று வெளியே தேடிப்போவதில் ஒரு பங்கையேனும் பணியே தருகிறது என்றால் மிகையில்லை.

இதை ஒரு பழக்கமாக்க, ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறேன். நாள்தோறும் ஒரு குழந்தையைப் பற்றி, நான் கண்டதை மட்டும், மூன்று நான்கு வரிகளில் எழுதுவேன். சமர்த்து, சுட்டி, பிடிவாதம் போன்ற தீர்ப்புச் சொற்கள் அதில் இடம்பெறாது. வகுப்புச் சுற்று முழுமையாக வந்துவிட வேண்டும் என்பதால், கவனத்தை ஈர்க்காத அமைதியான குழந்தைகளும் தவறாமல் இடம்பெறுவார்கள். கடுமையான ஒரு நாளின் முடிவில், அன்று நடந்த பத்துத் தொல்லைகளே நினைவில் நிற்கும்போது, இந்த மூன்று வரிகள் அந்த நாளின் கணக்கைச் சற்று நேர்மையாக்குகின்றன. பெற்றோரிடம் பேசும்போதும் இக்குறிப்புகள் பெரிதும் உதவுகின்றன.

கவனிப்பதற்கு நேரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நேரத்தைத் தின்பவை இரண்டு: சுவர் அலங்காரமும் எழுத்துப் பயிற்சியும். மாதந்தோறும் தெர்மாகோலும் சார்ட் பேப்பரும் வெட்டி ஒட்டி, இரவு 11 மணி வரை விழித்திருந்து வகுப்பறையைப் பொருட்காட்சியாக்கும் வழக்கத்தால் குழந்தைக்கு விளையும் நன்மை மிகச் சொற்பம். நம் கண்முன்னே வேறொரு முன்மாதிரி உண்டு. கல்வியாளர் தாராபாய் மோடக் 1945-இல் இன்றைய மகாராஷ்டிரத்தின் கடலோர ஊரான போர்டியில் கிராமக் குழந்தைகளுக்கான பணியைத் தொடங்கியபோது, விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதில் கிளிஞ்சல், விதை, இலை, கூழாங்கல் போன்ற அக்கம்பக்கத்தில் கிடைப்பவற்றையே பயன்படுத்தினார். குழந்தைகள் பள்ளிக்கு வராவிட்டால் அவர்கள் இருக்கும் முற்றத்துக்கே பள்ளியை எடுத்துச் சென்றார். பின்னர் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்கள் அங்கன்வாடி என்ற பெயரைப் பெற்றதற்குப் பின்னணி இதுவே; அங்கன் என்றால் முற்றம். புளியங்கொட்டையும் சோழியும் ஒரு கூடையில் இருந்தால் எண்ணவும் பிரிக்கவும் அடுக்கவும் போதும். அவற்றைத் தயாரிக்க யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

எழுத்துப் பயிற்சியைப் பொறுத்தவரை, மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளில் பெரும்பாலானவை மூன்று வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. முழுமையாக எலும்பாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும், அதைத் தொடர்ந்து 2022-இல் வந்த அடிப்படை நிலைக்கான கலைத்திட்டச் சட்டகமும், 3 முதல் 8 வயது வரையிலான கற்றலுக்கு விளையாட்டையே அடித்தளமாக வைக்கின்றன. தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளுக்கான கலைத்திட்டத்துக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர் சூட்டியிருக்கிறார்கள். இருந்தும் பல தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி. குழந்தை நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறது; அதன் ஆசிரியை மதிய உணவைக் கையில் வைத்துக்கொண்டே அவற்றைத் திருத்துகிறார். இருவருமே களைத்துப்போகிறார்கள். நிர்வாகத்தை ஒரே நாளில் மாற்ற உங்களால் முடியாது. ஆனால் தினமும் இரண்டு பக்கம் என்பதை வாரத்துக்கு இரண்டு பக்கமாகக் குறைத்து, மீதி நாட்களில் மாவு பிசைதல், மணி கோத்தல், மணலில் விரலால் வரைதல் என்று மாற்றிக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கலாம். ஆண்டு இறுதியில் கையெழுத்து கெடவில்லை என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

மனநலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேர்க்கை முடிந்த முதல் இரு வாரங்களில், வாசலில் தாயின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அலறும் குழந்தைகளைக் கையாள்வது எவரையும் உலுக்கிவிடும். அழுகையை நிறுத்துவது உங்கள் வேலை என்று எண்ணினால் ஒவ்வொரு நிமிட அழுகையும் உங்கள் தோல்வியாகத் தோன்றும். அழும் குழந்தைக்குப் பக்கத்தில் கலங்காமல் இருப்பதே உங்கள் வேலை. இந்த வயதில் குழந்தைகளால் தம் உணர்ச்சிகளைத் தாமாகவே அடக்கி அமைதியடைய முடிவதில்லை. பக்கத்திலுள்ள பெரியவரின் குரல், முகம், மூச்சு ஆகியவற்றைப் பற்றிக்கொண்டுதான் அமைதிக்குத் திரும்புகின்றன. எனவே முதலில் உங்கள் மூச்சைச் சரிசெய்யுங்கள். இழுப்பதைவிட விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணிகிறது. நான்கைந்து மூச்சுக்குள் உடலில் வேறுபாடு தெரியும். பிறகு பேசுங்கள். “அம்மா இதோ வந்துவிடுவார்” என்ற பொய் வேண்டாம். கடிகாரம் தெரியாத குழந்தைக்கும் நாளின் வரிசை புரியும். “விளையாடுவோம், சாப்பிடுவோம், தூங்கி எழுவோம், அப்புறம் அம்மா வருவார்” என்று ஒவ்வொரு நாளும் அதே வரிசையில் சொன்னால், வாரக் கடைசிக்குள் குழந்தை அந்த வரிசையைத் தானே ஒப்பிக்கத் தொடங்கும்.

உள்ளே எரிச்சலோ துயரமோ இருக்கும்போது வெளியே சிரிப்பை ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இத்தொழிலில் மனத்தை மிகவும் அரிக்கிறது என்பதைப் பணி உளவியல் ஆய்வுகள் தொடர்ந்து சுட்டிக்காட்டிவந்துள்ளன. குழந்தைகளிடம் இதற்கு எளிய மாற்று இருக்கிறது: உண்மையை அவர்களுக்கு ஏற்ற அளவில் சொல்லிவிடலாம். “மிஸ்ஸுக்கு இன்று தலைவலி. அதனால் கொஞ்சம் மெதுவாகப் பேசுவேன்” என்றால் நான்கு வயதுக் குழந்தைகள் வியக்கத்தக்க பரிவோடு நடந்துகொள்கிறார்கள். வீட்டுச் சண்டையின் விவரத்தை அவர்கள்மேல் இறக்கிவைக்கக்கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். கோபம் எல்லை மீறுவதாகத் தோன்றினால், பக்கத்து வகுப்பு ஆசிரியையையோ ஆயாம்மாவையோ அழைத்து இரண்டு நிமிடம் வெளியேறிவிட வேண்டும். இதற்கான உடன்பாட்டைக் கோபம் வராத நாளிலேயே செய்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரின் வாட்ஸ்அப் செய்திகளுக்கு இரவில் பதிலளிப்பதில்லை என்ற வரம்பை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். அவசரத்துக்குப் பள்ளியின் தொலைபேசி எண் இருக்கிறது. “என் மகனை அந்தப் பையன் கடித்துவிட்டான், இது பற்றி என்ன செய்தீர்கள்?” என்று இரவு பத்து மணிக்கு வரும் கேள்விக்கு, அந்த நேரத்தில் எழுதப்படும் எந்தப் பதிலும் நல்ல பதிலாக இருப்பதில்லை, காலை 8.30-க்கு நேரில் சொன்னால் அதே செய்தி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டாருக்குச் சமைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு வெறும் காப்பியோடு பேருந்து ஏறும் ஆசிரியைகள் அதிகம். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு இருந்தது. குழந்தைகள் களைப்படையச் செய்கிறார்கள் என்று நாம் நினைக்கும் சோர்வின் பின்னால் பல நேரங்களில் ஹீமோகுளோபின் குறைவோ தைராய்டு கோளாறோ ஒளிந்திருக்கிறது. கர்ப்பமுறாத பெண்ணுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்று பொருள்; ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதித்துக்கொள்ளுங்கள். உணவோடு டீயும் காப்பியும் சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடும். கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமலிருக்கும் வழக்கம் சிறுநீர்ப் பாதை நோய்த்தொற்றுக்கு வழிவகுக்கிறது, குரலையும் கெடுக்கிறது.

முதல் ஆண்டு முழுவதும் சளி, இருமல், வயிற்றுப்போக்கு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டேயிருக்கும். பெரும்பாலும் அடுத்த ஆண்டு குறையும். சோப்பு போட்டு 20 நொடி கைகழுவுவதை மூக்கு துடைத்த பின்னும் கழிப்பறை உதவிக்குப் பின்னும் தவறவிடக்கூடாது. கை, கால், வாய் நோய் பரவும் பருவத்தில் கிருமிநாசினித் திரவத்தைவிடச் சோப்பும் தண்ணீரும் மேலானவை. குழந்தைப்பேறு பற்றி எண்ணியிருக்கும் இளம் ஆசிரியைகளுக்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அப்போது 15 வயதைக் கடந்திருந்தவர்கள் பலர் ரூபெல்லா தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ரூபெல்லா தாக்கினால் கருவின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். இந்தத் தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் போட முடியாது. முன்னரே போட்டுக்கொண்டு ஒரு மாதம் இடைவெளி விட வேண்டும். நீர்க்கோளவான் என்னும் சின்னம்மைக்கும் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்பதை அதே சமயம் மருத்துவரிடம் கேட்டுவிடலாம்.

இவ்வளவும் செய்தும் சோர்வு தீராத நிலை உண்டு. பணியினால் ஏற்படும் எரிந்தடங்கிய சோர்வை (பர்ன்அவுட்) உலக சுகாதார நிறுவனம் தன் பதினோராவது நோய் வகைப்பாட்டில் மூன்று கூறுகளால் விளக்குகிறது: ஆற்றல் வற்றிப்போதல், பணியின்மீது விலகலும் கசப்பும், திறன் குறைந்துவிட்டதாக உணர்தல். மழலையர் வகுப்பில் இவை எவ்வாறு தோன்றும் என்பதை நான் கண்டவரை சொல்கிறேன். குறிப்பிட்ட ஒரு குழந்தை இன்று வராமலிருந்தால் நன்றாயிருக்கும் என்று காலையில் நினைப்பது எப்போதாவது எல்லோருக்கும் நேர்வது. அது அன்றாட எண்ணமாகிவிட்டால் எச்சரிக்கை. குழந்தைகளைப் பெயரால் எண்ணாமல் மொத்தமாக ஒரு கூட்டமாகவே உணரத் தொடங்குவது மற்றோர் அறிகுறி. தூக்கம் கெட்டு, அழுகை அடிக்கடி வந்தால், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி-மானஸ்) கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

கடைசியாக, ஆசிரியை தனியாகச் செய்ய முடியாதவையும் இருக்கின்றன. 45 குழந்தைகளுக்கு ஒருவர் என்று வைத்துவிட்டு, சம்பளமில்லாத சனிக்கிழமையில் மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று பயிலரங்கம் நடத்தும் பள்ளிகளை நான் அறிவேன். 2013-இன் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கையோடு வந்த தர நெறிகள், 3 முதல் 6 வயதுவரை 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவரும், மூன்று வயதுக்குக் கீழ் 10 குழந்தைகளுக்கு ஒருவரும் வேண்டும் என்கின்றன. 2017-இன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்குக் கொண்டுவந்த, ஊதியத்துடன் கூடிய 26 வார விடுப்பு சலுகையாகத் தரப்படுவதன்று, உரிமை. தனியார் பள்ளி ஆசிரியர்களும் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்பதையும், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் அது பொருந்தும் என்பதையும் 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முதுமைக்கு ஏதேனும் சேமிப்பு உண்டா என்ற கவலையும் நலத்தைச் சேர்ந்ததே.

ஆகவே அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்கு மாற எண்ணினால், நேர்காணலில் நீங்களும் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை குழந்தைகள்? முழு நேரமும் உதவியாளர் இருக்கிறாரா? நான் உணவருந்தும் இருபது நிமிடம் வகுப்பை யார் பார்த்துக்கொள்வார்? ஆசிரியைகளுக்கான கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது? முதல் இரண்டுக்கும் தெளிவான விடை கிடைக்காத பள்ளி, மாதம் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் நான் சேரமாட்டேன்.